ஃப்ளூரைடு வந்த வழி

ஆய்வு மாணவர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரும்படி நம் ஆராய்ச்சி மையத்திலிருந்து கேட்டார்கள். என் வெற்றிகளை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பக்கத்தில் வைத்திருந்த டீ ஆறுவதற்குள் அந்த வேலை முடிந்துவிட்டது. ஆகவே தோல்வி ஒன்றை எழுதுகிறேன். அதில் என்னிடம் இருப்பு அதிகம்.

நான் முப்பத்தொரு வருடம் பார்த்த வேலை இதுதான்: கார்பனும் ஃப்ளூரினும் சேர்ந்து போட்டுக்கொண்ட பிணைப்பை உலோகத்தை வைத்துப் பிரிக்கப் பார்த்தேன். கார்பன் யாரோடு போடும் ஒற்றைப் பிணைப்பை விடவும் இது இறுக்கமானது. ஒட்டாத தோசைக்கல்லின் பூச்சு அடுப்பில் கிடந்தும் அசையாமல் இருப்பதும், சில ரசாயனங்கள் கண்மாய்த் தண்ணீரில் கலந்தால் போகமாட்டேன் என்று தங்கிவிடுவதும் இதனால்தான். நிக்கல் போன்ற உலோகம் வினையூக்கியாக இருந்தால், நமக்கு வேண்டிய இடத்தில் மட்டும் இந்தப் பிணைப்பை இளக்கலாம் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது. நம் குடுவையிலும் அப்படி நடக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் சம்பளம்.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். நீங்கள் இப்போது உட்கார்ந்து வடை தின்கிற கேன்டீன்தான் அப்போது என் ஆய்வுக்கூடம். என்னிடம் தேன்மொழி என்று ஓர் ஆய்வு மாணவி இருந்தாள். காளையார்கோவிலுக்குப் பக்கத்தில் கிராமம். அப்பா விவசாயி. தினமும் பஸ்ஸில் வந்து போவாள். நான் பத்து வாக்கியம் பேசினால் அவள் ஒன்று பேசுவாள். பெரும்பாலும் அந்த ஒன்று சரியாக இருக்கும்.

எங்களுக்கு மேலே துறைத் தலைவர். பெயர் வேண்டாம். அவர் இன்னும் காலை நடைக்கு வருகிறார், நானும் அதே சாலையில்தான் நடக்கிறேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். நான் சேர்ந்த முதல் வருடத்தில், “ப்ளாங்க் போட்டுப் பாக்காம எங்கிட்ட ரிசல்ட்டத் தூக்கிட்டு வராதே” என்று என் நோட்டை வராந்தாவில் வீசியவர். ப்ளாங்க் என்றால் முக்கியமான பொருளை வேண்டுமென்றே விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் அப்படியே வைத்துச் செய்கிற சோதனை. அந்தப் பொருள் இல்லாமலும் அதே பதில் வந்தால், பதிலுக்குக் காரணம் வேறு எதுவோ என்று தெரிந்துவிடும்.

நாங்கள் எடுத்துக்கொண்டது பிடிவாதமான ஒரு ஃப்ளூரின் சேர்மம். யாருக்கும் அசைந்து கொடுத்ததில்லை. அதில் கொஞ்சம் நிக்கல் சேர்மம், எலக்ட்ரானை அள்ளிக் கொடுக்க அடர்பச்சையில் ஒரு சோடியம் கரைசல். காற்றுப் புகாத கண்ணாடிக் குடுவையில் ஒரு நாள் முழுக்கக் கலக்க வேண்டும். கலக்குவதற்குக் குடுவைக்குள் சின்னக் காந்தக் குச்சி ஒன்றைப் போடுவோம். மேலே வெள்ளைப் பூச்சு போட்டது. அடியில் இருக்கும் கருவி சுற்றினால் அதுவும் உள்ளே சுற்றும். பிணைப்பு உடைந்தால் ஃப்ளூரின், ஃப்ளூரைடாக மாறி, பிறகு ஊற்றும் தண்ணீரில் இறங்கும். அளந்துவிடலாம்.

அளந்தோம். ஃப்ளூரைடு இருந்தது. அள்ள அள்ள இருந்தது.

அந்த வாரம் நான் ஆய்வுக்கூடத்தில் நெஞ்சை நிமிர்த்தி நடந்த நடையைப் பார்த்தவர்கள், எனக்கு இடுப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்கள்.

சில சின்னச் சங்கடங்கள் இருந்தன. ஃப்ளூரின் கழன்றுவிட்டால் அந்தச் சேர்மத்தின் மிச்சப் பகுதி குடுவையில் கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. “சீக்கிரம் ஆவியாகிற பொருள், கரைப்பானோட போயிருக்கும்” என்றேன். சேர்மத்தின் அளவை இரண்டு மடங்காக்கினோம். ஃப்ளூரைடு ஒரு துளி கூடக் கூடவில்லை. “நிக்கலால் அதுக்கு மேல முடியாது” என்றேன். முடியாத நிக்கலுக்காக ஒரு கொள்கையே எழுதினேன். பிறகு நீளமான காந்தக் குச்சி போட்டோம். ஃப்ளூரைடு கூடியது! நன்றாகக் கலக்கினால் வினை நன்றாக நடக்கிறது என்று அரைப் பக்கம் எழுதினேன். இன்று எடுத்துப் படித்தாலும் நல்ல நடை.

ப்ளாங்க் போடவில்லையா என்று கேட்பீர்கள். போட்டேன். நிக்கல் இல்லாமல், மெல்லிய கண்ணாடிக் குழாயில், கையால் குலுக்கி. குச்சி நுழையாத குழாய். ஃப்ளூரைடு பூஜ்யம். எனக்கு வேண்டிய பதில் வந்துவிட்டதால் மேற்கொண்டு தொந்தரவு செய்யவில்லை. வேண்டாத பதில் வந்திருந்தால் ஏழு முறை திருப்பிச் செய்திருப்பேன்.

எங்கள் கண்ணாடிச் சாமான்களைக் கழுவி வைக்கிறவர் பாண்டியம்மா. சாக்கோட்டையிலிருந்து வருவார், என் வயதுதான் இருக்கும். ஒரு நாள் ஈரக் கையோடு என் மேசைக்கு வந்தார். உள்ளங்கையில் ஐந்தாறு காந்தக் குச்சிகள்.

“சார், ஒங்க ரூம்புக் குச்சி மட்டும் ஏன் இப்படிக் கரிக்கட்டையா வருது? அங்குட்டு ரூம்புல உள்ளவுகளுக்கெல்லாம் வெள்ளையாத்தானே இருக்கு?”

“அழுக்கும்மா. நல்லாத் தேய்ங்க.”

“தேச்சாப் போற கறுப்பா இது? தொட்டுப் பாருங்க, சொரசொரன்னு இருக்கு. மேல என்னமோ அரிச்ச மாதிரி.”

நான் தொட்டுப் பார்க்கவில்லை. ஒரு சர்வதேச இதழுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிற மனிதன் குச்சியைத் தொட்டுப் பார்ப்பானா? “போகலைன்னாத் தூக்கிப் போட்டுட்டு ஸ்டோர்ல புதுசு வாங்கிக்கங்க” என்றேன். “சரிங்க சார்” என்று போய்விட்டார். அதன் பிறகு கறுத்ததையெல்லாம் தூக்கிப் போட்டார். சொன்னதைச் செய்கிறவர்.

உலோக வினையூக்கம் பற்றி என் வாழ்நாளில் யாரும் கேட்ட மிகச் சிறந்த கேள்வி அது. எங்கள் அறையையும் பக்கத்து அறையையும் ஒப்பிட்டு, வித்தியாசம் இன்னது என்று கையில் கொண்டுவந்து காட்டினார். நான் சோப்பைப் பற்றிப் பேசினேன்.

இதற்கிடையில் கட்டுரை இதழுக்குப் போய், துறைத் தலைவருக்குச் செய்தி போய், அவரிடமிருந்து மையத்தை நடத்துகிற அறங்காவலர்களுக்குப் போய், நிதி தருகிற குழு வியாழக்கிழமை நேரில் பார்க்க வருவதாக முடிவாயிற்று. வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ‘உலகிலேயே முதல் முறையாக’ என்று தொடங்கி என் புகைப்படத்தில் முடிந்தது. உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று யார் விசாரித்தார்கள் என எனக்குத் தெரியாது. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் விசாரித்திருக்கலாம். தேன்மொழியின் ஆய்வு உதவித்தொகையை நீட்டிப்பதும் அந்தக் குழுவின் கையில்தான் இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை, கடைசியாக ஒரு முறை செய்து பார்த்துவிடலாம் என்று தேன்மொழி ஸ்டோருக்குக் குச்சி வாங்கப் போனாள். இல்லை. பாண்டியம்மா தூக்கிப் போட்டது போக இருந்ததையும் நாங்களே தீர்த்திருந்தோம். புதிது வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அவள் என்னிடம் வரவில்லை. ஓர் இரும்பாணியின் தலையை வெட்டி எறிந்துவிட்டு, ஆணியைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் போட்டு, இரண்டு முனையையும் தீயில் உருக்கி மூடினாள். கண்ணாடி போர்த்திய குச்சி. அதைப் போட்டுக் கலக்கினாள்.

செவ்வாய்க்கிழமை வந்து சொன்னாள்: “சார், ஃப்ளூரைடு இல்லை.”

“உள்ள காத்துப் புகுந்திருக்கும்.”

“புகலை சார். புகுந்திருந்தாப் பச்சை போயிருக்கும். கரைசல் நெறம் மாறவே இல்லை.”

“அப்ப நிக்கல் கெட்டுப்போயிருக்கும்.”

அவள் என்னைப் பார்த்தாள். நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். புதன்கிழமை மதியம் திரும்பி வந்தபோது கையில் இரண்டு சிறு புட்டிகளும் நோட்டும் இருந்தன.

“மறுபடி செஞ்சேன் சார். இது கண்ணாடிக் குச்சி போட்டது. நம்ம சேர்மம் இருக்கு, நிக்கல் இருக்கு, எல்லாம் இருக்கு. ஃப்ளூரைடு பூஜ்யம்.” இரண்டாவது புட்டியை மேசையில் வைத்தாள். “இதுல நம்ம சேர்மமும் இல்லை, நிக்கலும் இல்லை. சோடியம் கரைசலும் பக்கத்து ரூம்புல கேட்டு வாங்கின வெள்ளைக் குச்சியும் மட்டும்தான். ஃப்ளூரைடு நம்ம பேப்பர்ல இருக்கிற அதே அளவு சார்.”

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். காந்தக் குச்சியின் வெள்ளைப் பூச்சு எது தெரியுமா? தோசைக்கல்லில் இருக்கும் அதே டெஃப்லான். கார்பனும் ஃப்ளூரினும் தவிர அதில் வேறொன்றும் கிடையாது. எங்கள் சோடியம் கரைசல், நாங்கள் காட்டிய சேர்மத்தை விட்டுவிட்டு, காட்டாத குச்சியைத் தின்றிருக்கிறது. ஃப்ளூரினை இழந்த பூச்சு கரியாகிக் கறுத்திருக்கிறது. நீளக் குச்சி போட்டால் தின்பதற்கு அதிக இடம், அதனால் அதிக ஃப்ளூரைடு. நிக்கல் இந்தக் கதையில் வேடிக்கை பார்த்தது.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அப்போதும் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: “இதை யார்ட்டயாச்சும் சொன்னியா?”

“ஒங்ககிட்டத்தான் சார் சொல்றேன்.”

நோட்டை எடுத்துக்கொண்டு துறைத் தலைவரிடம் போனேன். அவர் பக்கங்களை நிதானமாகப் புரட்டினார். இரண்டே நிமிடத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைப் போல நிக்கலைக் குறை சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இதை எப்பக் கண்டுபிடிச்சீக?”

“இன்னக்கி மதியம் சார்.”

“அடுத்த வாரம் கண்டுபிடிச்சதா வச்சுக்கங்களேன். குழு வந்துட்டுப் போகட்டும். பெறகு இதழுக்கு ஒரு திருத்தம் அனுப்புவோம். யாரும் சாகப் போறதில்லை.”

“நீங்கதானே சார், ப்ளாங்க் இல்லாம வராதேன்னு...”

“அப்ப வாசல்ல யாரும் ஃப்ளெக்ஸ் வைக்கலை” என்றார். பிறகு நோட்டை என் பக்கம் தள்ளினார். “முடிவு ஒங்களோடது. நான் இன்னக்கி ஒங்களப் பாக்கவே இல்லை.”

அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் அந்த யோசனை அவர் சொல்வதற்கு முன்பே, படியேறும்போதே, எனக்குத் தோன்றிவிட்டது. அதை வேறொருவர் வாயிலிருந்து கேட்கத்தான் மேலே போயிருந்தேன்.

கீழே வந்து இன்னும் மோசமான ஒரு காரியம் செய்தேன். தேன்மொழியைக் கூப்பிட்டு, ரொம்பப் பெருந்தன்மையாக முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன்: “இதுல ஒன் எதிர்காலமும் இருக்கும்மா. நீயே சொல்லு. நாளைக்கு என்ன செய்யலாம்?”

அவள் புட்டிகளின் மேல் பெயர்ச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“நீங்க சொல்லாட்டி எனக்கு இந்த வருசம் டிகிரி சார். சொன்னா ஒண்ணரை ரெண்டு வருசம் போயிரும். எங்க அப்பா இப்பவே எப்ப முடியும் எப்ப முடியும்னு கேக்குறாக. இது ஒங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் ஏன் எங்கிட்டக் கேக்குறீக?”

“ஒன் கருத்தும் வேணுமேன்னு...”

“நான் சொல்லிட்டேனே சார். ரெண்டு புட்டியா வச்சுட்டேன். இதுக்கு மேல முடிவெடுக்கிறது நீங்க. நான் என்ன சொன்னாலும் நாளைக்கு அவ சொன்னான்னு ஆயிரும்.”

எனக்குக் கோபம் வந்தது. சரியாகச் சொல்லிவிட்டாள் என்பதால் வந்த கோபம். இந்த நாலு பக்கத்தில் ஏதாவது ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ள நினைத்தால் இந்த இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: உங்களுக்குக் கீழே இருப்பவரிடம் நீங்கள் கருத்துக் கேட்கும்போது, உண்மையிலேயே கருத்துத்தான் கேட்கிறீர்களா, அல்லது பழியைப் பிடித்துக்கொள்ள ஆள் தேடுகிறீர்களா என்று பாருங்கள். நான் ஆள் தேடினேன்.

வியாழக்கிழமை காலை குழு வந்தது. ஐந்து பேர். மாலை, சந்தனம், முந்திரி, பால் பணியாரம். வினையூக்கியைத் தவிர எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. நான் உத்தமனாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய படங்களைத்தான் கணினியில் ஏற்றியிருந்தேன். முதல் படம் ஓடியது, இரண்டாவது ஓடியது. நன்றாகக் கலக்குவதைப் பற்றிய அந்த அரைப் பக்கத்தைத் திரையில் படித்துவிட்டு, முன்வரிசையில் ஓர் அம்மா தலையை ஆட்டினார். குழுவிலேயே மூத்தவர், இதே துறை. அவர் கை தூக்கினார்.

“ப்ளாங்க் போட்டீங்களா?”

‘போட்டோம் மேடம்’ என்றால் போதும். பொய் கூடக் கிடையாது. மெல்லிய குழாய், கையால் குலுக்கியது, பூஜ்யம், எல்லாம் நோட்டில் இருக்கிறது. அவர் திருப்தியோடு உட்கார்ந்துவிடுவார். என் வாய் ‘போட்டோம்’ என்று சொல்லியும்விட்டது. கடைசி வரிசையில் தேன்மொழி இருந்தாள். அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அவள் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று முன்பே தெரிந்தவள் போல, பார்க்க என்ன இருக்கிறது என்பது போல. அதுதான் என்னைக் குத்தியது.

“ரெண்டு தடவை போட்டோம் மேடம்” என்றேன். “மொதல் தடவை நான் போட்டது தப்பு. ரெண்டாவது என் மாணவி தேன்மொழி போட்டது. நேத்து மதியம். இந்த ஃப்ளூரைடு எங்க சேர்மத்துலருந்து வரலை. கலக்குற குச்சியோட பூச்சுலருந்து வந்திருக்கு. இதுவரைக்கும் காட்டின படம் எதுவும் செல்லாது.”

துறைத் தலைவர் கூரையைப் பார்த்தார். அந்த அம்மா மட்டும் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. “அப்ப நீங்க ஒரு வேலையைச் சரியாச் செஞ்சிருக்கீங்க. ஸ்டோர்ல இருந்த குச்சி எல்லாத்தையும் ஃப்ளூரின் நீக்கம் பண்ணியிருக்கீங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் வேறு என்ன செய்வது என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

உண்மை பேசியதற்குப் பரிசு கிடைக்கும் என்று உங்களில் யாராவது எதிர்பார்த்தால், கிடைத்தது இதுதான்: இதழிலிருந்து கட்டுரையைத் திரும்ப வாங்கினேன், திட்டம் நின்றது. எனக்கென்று வாங்கிய பொன்னாடையைத் துருப்பிடித்தலை ஆராய்கிற பக்கத்து அறைக்காரருக்குப் போர்த்தினார்கள். ஃப்ளெக்ஸைக் கழற்றி வாட்ச்மேன் சைக்கிள் ஷெட்டுக்குக் கூரையாகக் கட்டினார். இரண்டு வருடம் என் முகத்தின் மேல் மழை பெய்தது. தேன்மொழிக்கு ஆறு மாத நீட்டிப்பு மட்டும் கிடைத்தது. அது தீர்ந்த பிறகு ஒரு கல்லூரியில் தற்காலிக வேலைக்குப் போய்க்கொண்டே, சனிக்கிழமைகளில் வந்து சோதனை செய்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். “சரிங்க சார், சோடியம் தீந்துபோச்சு, ஸ்டோருக்கு எழுதிக் குடுங்க” என்றாள்.

பாண்டியம்மாவிடமும் போனேன். அவர் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி, அடுத்த கட்டுரையில் நன்றி சொல்லிப் பெயர் போடப்போகிறோம் என்றேன்.

“போட்டா என்ன சார் கெடைக்கும்?”

“ஒண்ணும் கிடைக்காதும்மா.”

“சரி, போடுங்க. இனிமே அழுக்குன்னு மட்டும் சொல்லாதீக.”

அந்த அடுத்த கட்டுரை வந்தது. இளகுவதற்குக் கொஞ்சம் இசைகிற வேறொரு சேர்மம், மென்மையான கரைசல், கண்ணாடி போர்த்திய குச்சி. ஆறு ஃப்ளூரினில் ஒன்றே ஒன்றை நிக்கல் கழற்றியது. இந்த முறை மிச்சப் பகுதி ஆவியாகிப் போகவில்லை. வெள்ளைப் பொடியாகத் தராசில் உட்கார்ந்தது. ஒரு சின்ன இதழில் வெளியானது. அதை எத்தனை பேர் படித்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. சில விஷயங்களை அளக்காமல் விட்டுவிடுவது உடம்புக்கு நல்லது.

தேன்மொழியின் வாய்மொழித் தேர்வு இரண்டு வருடம் தள்ளி நடந்தது. அவள் அப்பா சலவை வேட்டியில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். சென்னையிலிருந்து தேர்வாளர் ஒருவர் வந்திருந்தார். நிக்கலை வைத்து இதே வேலையைச் செய்கிற பெரிய ஆய்வுக்கூடம், பெரிய பெயர். ஆய்வேட்டை அவர் அந்த மேடையில்தான் முதல் முறையாகத் திறந்தார் என்பது பின்வரிசைக்கே தெரிந்தது. புரட்டிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார். குச்சி கறுத்த கதையை அவள் தனி அத்தியாயமாகவே எழுதியிருந்தாள், படங்களோடு.

“தோத்துப்போன சோதனைக்கு எதுக்கும்மா ஒரு அத்தியாயம்? யாரும் எழுத மாட்டாங்களே?”

“அதனாலதான் சார் எழுதினேன். யாராவது எழுதியிருந்தா நான் படிச்சிருப்பேன்.”

அவர் சிரிக்கத் தொடங்கி, பக்கத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். “குச்சி இவ்வளவு கறுக்குமா?” என்றார். “ஆமா சார்.” “நீளமான குச்சி போட்டா ஃப்ளூரைடு கூடுமா?” “கூடும் சார்.” அதன் பிறகு அவர் கேள்வியே கேட்கவில்லை. பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார். எல்லாரும் கை தட்டினோம். அவள் அப்பா தட்டலாமா என்று அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, எல்லாரும் நிறுத்திய பிறகு தட்டினார்.

கேசரியும் காப்பியும் வந்தன. தேர்வாளரைக் காணவில்லை. கூப்பிடப் போனேன். வராந்தாவின் கோடியில், முதுகைக் காட்டிக்கொண்டு செல்போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“அந்தப் பேப்பரை அனுப்பிட்டீங்களா? இல்லை, நிக்கல் பேப்பர். அனுப்பிட்டீங்களான்னு மட்டும் சொல்லுங்க.”

அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார். கேசரித் தட்டை நான் அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். கார் வரும்வரை அதை அவர் தொடவில்லை.